வேணும், விசுவாசம்: தமிழில் கத்தோலிக்கப் பிரசங்கம் பற்றிச் சில குறிப்புகள்

நம் உரைநடையின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பாதிரிமார்களுக்கு ஒரு அத்தியாயம் ஒதுக்கி, அச்சு, அகராதி, இலக்கணம் என்று மூன்று தலைப்பில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். பாதிரியாருடைய முதல் வேலை இவை எதுவும் அல்ல. பேசுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில், எழுதப் படிக்கத் தெரியாத நூறு இருநூறு பேருக்கு முன்னால் நின்று, தன் தாய்மொழியல்லாத ஒரு மொழியில், அவர்கள் எழுந்து போய்விடாதபடி பேசுவது. அகராதியும் இலக்கணமும் அந்தக் காரியத்துக்கான கருவிகள். கருவிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுக் காரியத்தை மறந்துபோனதுதான் நம் சரித்திரக்காரர்கள் செய்தது.

நான் கத்தோலிக்கன் அல்ல. காரைக்காலில் வளர்ந்தவனுக்கு மணிச்சத்தம் அம்மையார் கோயிலுடையதா, தேற்றரவு மாதா கோயிலுடையதா என்று பிரித்துக் கேட்கும் பழக்கம் சிறு வயதிலேயே வந்துவிடும். ஒலிபெருக்கி புண்ணியத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கங்களை வருஷக்கணக்காகக் கேட்டு வந்திருக்கிறேன். வெளியே நின்று கேட்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. மோட்ச நரகக் கவலை இல்லாமல் வாக்கியங்களைக் கவனிக்கலாம். எந்த இடத்தில் சாமியார் கூட்டத்தை இழக்கிறார், எந்த இடத்தில் திரும்பப் பிடிக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்துவிடும். அந்தக் கவனிப்பிலிருந்து பின்னோக்கிப் போனதுதான் இந்தக் குறிப்புகள்.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. கடைசிவரை சரியாக வரவும் இல்லை. இரண்டு மொழியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்த சிலரை உட்காரவைத்து ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் தமிழாக்கச் சொன்னார். அதை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களையும் பெரியவர்களையும் கூட்டினார். 1544 ஜனவரியில் ரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் இதை அவரே சொல்கிறார். அதே ஆண்டில் மன்சிலாஸ் என்ற துணையாளருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் இன்னொரு சமாச்சாரம் இருக்கிறது. சிறியதுதான். விசுவாசப் பிரமாணத்தில் இதுவரை ‘வேணும்’ என்று சொல்லிக்கொடுத்து வந்தோமே, அதை இனி ‘விசுவாசம்’ என்று மாற்றிவிடு என்கிறார். கடவுளை வேண்டும் என்பது வேறு, கடவுளை நம்புகிறேன் என்பது வேறு. பலவந்தத்தைக் குறிக்கும் இன்னொரு சொல்லையும் விடச் சொல்கிறார். கிறிஸ்து பாடுபட்டது தம் இஷ்டத்தின் பேரில், யாருடைய பலவந்தத்தாலும் அல்ல என்பதற்காக.

தமிழ்நாட்டில் கத்தோலிக்கப் பிரசங்கத்தின் சரித்திரம் இந்தத் திருத்தத்தில் தொடங்குகிறது என்று நான் வைத்துக்கொள்கிறேன். பல மாதங்கள் கடற்கரை முழுக்க ‘எனக்குக் கடவுள் வேணும்’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அதைச் சொன்னவர்களுக்கு அதில் தப்பு ஒன்றும் தோன்றியிருக்காது. பரதவர்களுக்கு அந்த நாளில் கடவுள் வேண்டித்தான் இருந்தது. கடவுளைவிட, கடலில் தொந்தரவு செய்யாத ஒரு ராஜா வேண்டியிருந்தான். தவறான மொழிபெயர்ப்பில் ஜனங்களுடைய உண்மை வந்து உட்கார்ந்திருந்தது. சரியான சொல் வந்தபோது அந்த உண்மை வெளியேறியது. ‘விசுவாசம்’ என்ற சொல்லை வாயில் நுழைத்துக்கொள்ள எத்தனை தலைமுறை பிடித்ததோ! ஆனால் என் கவனம் வேறிடத்தில். இந்தத் தப்பைச் சவேரியாரால் தாமாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு, ‘சாமி, அது அப்படி இல்லை’ என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளின் பெயர் நமக்கு இல்லை. பிரசங்கக் கலையின் முதல் ஆசான் அவர்தான்.

சவேரியாருக்குப் பின் வந்த ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை ஒழுங்காகக் கற்றார். 1578-இல் கொல்லத்தில் அச்சான 16 பக்கத் ‘தம்பிரான் வணக்கம்’ எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்கிறோம். 1586-இல் வந்த பெரிய புத்தகம், புனிதர்களின் வாழ்க்கையைத் திருநாள் வரிசையில் சொல்லும் ‘அடியார் வரலாறு’, அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதை வாசிப்பதற்கான புத்தகம் என்று நினைத்தால் நடை முரடாகத் தெரியும். வாசித்துக் கேட்பதற்கான புத்தகம் என்று நினைத்தால், அடுத்து என்ன, அடுத்து என்ன என்று இழுத்துப் போகும் கதைசொல்லியின் மூச்சு அதில் இருக்கிறது.

தத்துவ போதகர் என்று பேர் வைத்துக்கொண்ட ராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரைக்கு வந்தார். அவருடைய ‘ஞானோபதேசம்’ 26 பிரசங்கங்களை ராஜமாணிக்கம் அடிகளார் பதிப்பித்திருக்கிறார். நொபிலியின் புத்தி கூர்மையை யாரும் மறுக்க முடியாது. சர்வேசுரன், ஞானஸ்நானம், பூசை என்று மூன்று நூற்றாண்டுக் காலம் கத்தோலிக்கத் தமிழ் சுவாசித்த காற்றில் பெரும் பகுதி அவர் வழியில் வந்தது. ஆனால் பிரசங்கங்களாக அவை என்னைத் தொடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். ஒரு ஆட்சேபம், அதற்குச் சமாதானம், அதிலிருந்து இன்னொரு ஆட்சேபம். எதிரே உட்கார்ந்திருப்பவன் எப்போதும் ஒரு தர்க்கவாதி. தரையில் உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று நினைக்கிற பெண்பிள்ளை அந்த வாக்கியங்களுக்குள் இல்லை. அவளுக்கு வேறு சாமியார் வந்தார். 1640-இல் தொடங்கி, மேல்சாதிக்குப் பிராமண சந்நியாசி, மற்றவர்களுக்குப் பண்டாரசுவாமி என்று குருமார்களையே இரண்டாகப் பிரித்தார்கள். பிரசங்கம் ஜனங்களைத் தேடிப் போய், ஜனங்கள் பிரிந்திருந்தபடியே தானும் பிரிந்துகொண்டது. இதற்கு மறுபடி வருகிறேன்.

பெஸ்கி வேறு ஜாதி மனிதர். வீரமாமுனிவர் என்றதும் ‘தேம்பாவணி’யை எடுத்துக்கொண்டு விருத்தங்களை எண்ணுகிற பண்டிதர்கள் அவரைப் பாதிதான் பார்த்தார்கள். செந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் கொடுந்தமிழுக்கு ஒரு இலக்கணமும் லத்தீனில் தனித்தனியாக எழுதியவர் அவர். ஜனங்கள் வாயிலிருக்கும் தமிழுக்கும் விதி உண்டு, அதையும் கற்றுக்கொள்ளாமல் இந்த ஊரில் வாயைத் திறக்காதே என்று புதிதாக வரும் பாதிரிக்குச் சொன்ன இலக்கணம் அது. வேடிக்கை என்னவென்றால், இந்தக் கொடுந்தமிழ் இலக்கணம் 1738-இல் அச்சானது தரங்கம்பாடியில், அவர் வாழ்நாளெல்லாம் கண்டனம் எழுதிக்கொண்டிருந்த லுத்தரன்களின் அச்சுக்கூடத்தில். எங்கள் ஊரிலிருந்து 15 கிலோமீட்டருக்குள். சண்டைக்காரர்களுக்கும் கருவி பொது.

வட ஆப்பிரிக்காவில் பிஷப்பாக இருந்த அகஸ்டினுக்கும் இதே பிரச்சினை இருந்திருக்கிறது. லத்தீனில் வாய்க்கும் எலும்புக்கும் எழுத்தில் ஒரே சொல்; உயிரெழுத்தின் நீட்டத்தில் மட்டும் வித்தியாசம். ஆப்பிரிக்கக் காதுக்கு அந்த நீட்டம் பிடிபடாது. ஆகவே எலும்பு என்று சொல்ல வேண்டிய இடத்தில், இலக்கணக்காரர் தப்பு என்று சொல்லும் கொச்சை வடிவத்தையே சொல்லலாம் என்றார். பண்டிதர் குறை சொன்னாலும் பரவாயில்லை, ஜனங்களுக்குப் புரியாமல் போகக் கூடாது என்பது அவர் கட்சி. திறக்காத தங்கச்சாவியைவிடத் திறக்கிற மரச்சாவி மேல் என்பதும் அவர் சொன்னதுதான். அதைச் சொன்னவர் தம் காலத்தின் மிகப் பெரிய சொல்லலங்காரக்காரர், அலங்கார சாஸ்திரம் கற்றுக்கொடுத்துப் பிழைத்தவர் என்பதை மறந்துவிடக் கூடாது. தங்கச்சாவி கையில் உள்ளவன் மரச்சாவியை எடுப்பதில்தான் விசேஷம். பெஸ்கியிடமும் நான் பார்ப்பது இதைத்தான். பரமார்த்த குருவும் அவர் ஐந்து சீடர்களும் வருகிற கதை வெறும் மொழிப் பயிற்சிக்காக எழுதப்பட்டதாகச் சொல்வார்கள். இருக்கட்டும். குருவைப் பார்த்து ஜனங்கள் சிரிப்பார்கள், தன்னையும் சேர்த்துத்தான் சிரிப்பார்கள் என்று தெரிந்த ஒரு குரு எழுதிய கதை அது.

1727-இல் அவர் எழுதிய ‘வேதியர் ஒழுக்கம்’ என் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். வேதியர் என்றால் உபதேசியார். ஒரு குருவானவர் ஜில்லா அளவு பிரதேசத்தைச் சுற்றி வருவார். ஒரு ஊருக்கு வருஷத்தில் ஒரு முறை வந்தால் பெரிது. மற்ற ஞாயிறுகளில் ஜனங்களைக் கூட்டி ஜெபம் சொல்லி, புத்தகத்தை வாசித்து, விளக்கம் சொன்னவர் உள்ளூர்க்காரரான உபதேசியார்தான். அவருக்கு வயல் உண்டு, கடன் உண்டு, மச்சான் சண்டை உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவருடைய எல்லா யோக்கியதையும் தெரியும். அவர் பொய்யாக ஒரு வாக்கியம் சொன்னால் திங்கட்கிழமை குளத்தங்கரையில் பதில் வரும். நம் பிரசங்க மரபைக் கட்டியவர்கள் பெயர் தெரிந்த ஐரோப்பியர்கள் என்பது பாதி உண்மை. மீதிப் பாதி இந்த உபதேசியார்கள். அவர்கள் பேசியது எதுவும் எழுத்தில் இல்லை.

அதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் ஜாக்கோமே கொன்சால்வெஸ் என்ற கோவாக்காரர், டச்சுக்காரர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த இலங்கையில், சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக்கொண்டிருந்தார். 1705-இல் போனவர், 1742-இல் அங்கேயே இறந்தார். அவருடைய ‘வியாகுல பிரசங்கம்’ பிரசங்கம் என்று பேர் கொண்டிருந்தாலும் யாரும் அதைப் பிரசங்கிப்பதில்லை. தவக்காலத்தில் கோயிலில் ஒருவர் ராகமிட்டு வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள், அழுவார்கள். குரு வர முடியாத ஊரில் பிரசங்கம் குருவை விட்டுவிட்டுத் தானே நடக்கக் கற்றுக்கொண்டது. ஒப்பாரி கேட்டுப் பழகிய காது அதற்குத் தயாராக இருந்தது. ஜாய்ஸின் நாவலில் தியானப் பிரசங்கம் செய்யும் பாதிரி நரகத்தை நாற்றம், நெருப்பு, காலம் என்று அளந்து அளந்து சொல்லி ஒரு பையனை நடுங்கவைக்கிறார். அதற்கு மூலம் பினமோந்தி என்ற 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஜெசுவிட்டின் புத்தகம் என்பார்கள். பயத்தை மூட்டுகிற அந்த வகைப் பிரசங்கம் இங்கும் இறக்குமதியானது. பழைய தியானப் பிரசங்கங்களைப் பற்றிக் கிழவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் தமிழ்க் காதில் நின்றது நரகம் அல்ல, வியாகுலம். மகனைப் பறிகொடுத்த தாய்.

மறுபடி வருவதாகச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் 1745 அக்டோபரில் ஒரு பதிவு உண்டு. புதுச்சேரி சம்பா கோயிலுக்குள்ளே ஒரு சுவர். ஒரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியர்களும். மறுபக்கம் சேரி ஜனங்கள். காரைக்காலிலிருந்து போயிருந்த ஒரு குரு இந்த விஷயத்தைக் கிளப்புகிறார். சேரி ஜனங்கள் அவரோடு கலந்து பேசிவிட்டுப் பெரிய குருவிடம் கூட்டமாகப் போய், நாங்களும் உங்கள் சீஷர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று கேட்கிறார்கள். நியாயம்தான் என்று சுவர் இடிக்கப்படுகிறது. சாதிக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். பிள்ளை இந்து, இதில் அவருக்குச் சாய்வு இல்லாமலில்லை, ஒரு ஊர் வம்பாகத்தான் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பேரில்லாத காரைக்கால் குருவின் மேல் ஆசை. அந்த ஆள் நம் ஊர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினார், எப்படிப் பேசினார்! பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை எடுத்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. இங்கே சுவருக்கு இன்னும் நேரமாகவில்லையோ என்னவோ.

பிரசங்கத்தின் தொழில்நுட்பம் பற்றி யோசிக்கிறவன் இந்தச் சுவரை விட்டுவிட்டுப் போக முடியாது. சுவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களிடம் ‘சகோதரர்களே’ என்று ஆரம்பிப்பவன் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வான்? திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயிலுக்குக் கால்சட்டைக் கோயில் என்றே பேர். இரண்டு கால்களும் சேருமிடத்தில் பீடம். பீடத்தில் நிற்கும் குருவுக்கு இரண்டு சாதியும் தெரியும். ஒரு சாதிக்கு மற்றது தெரியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தடுப்பை இடித்தபோது கோர்ட்டு வரை போனார்கள். கட்டிடக்காரன் அங்கே பிரசங்கத்துக்கு முன்பே பிரசங்கம் செய்து முடித்துவிட்டான். அப்படிப்பட்ட இடத்தில் நல்ல பேச்சு என்று ஒன்று சாத்தியமா? பேச்சு நன்றாக இருக்க இருக்கப் பொய்யும் நன்றாக இருக்கும் என்றே எனக்குப் படுகிறது.

இதற்கிடையில் பிரசங்கம் கோயிலை விட்டு வெளியே போய்விட்டது. இந்தப் பயணத்தைப் பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். அவர் தேடியது புராட்டஸ்டண்டுகளை. 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கிலிருந்து தொடங்கும் பிரசங்க வழக்கம், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவிக்கொண்டிருந்த ஆறுமுக நாவலர் கையில் மாட்டுகிறது. 1847 டிசம்பர் 31-ஆம் தேதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலர் சைவப் பிரசங்கம் செய்கிறார். பாதிரியின் ஆயுதத்தாலேயே பாதிரிக்கு அடி. அங்கிருந்து சுதேசி காலத்துக் கடற்கரைக் கூட்டம். அங்கிருந்து திராவிட இயக்க மேடை. கோயில் பிரசங்கத்துக்கும் மாநாட்டுப் பேச்சுக்கும் ரத்த உறவு உண்டு என்று சொன்னால் இரண்டு பக்கமும் கோபிப்பார்கள். நாவலும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. 1879-இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எழுதிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை நம் டெல்டாவில் உத்தியோகம் பார்த்த கத்தோலிக்கர். ஒரு நீதி, அதற்கு ஒரு குட்டிக்கதை, சிரிப்பு, மறுபடி நீதி என்று அந்தப் புத்தகம் நடக்கிற நடையில் ஞாயிற்றுக்கிழமை காலையின் வாசனை அடிக்கிறது. அதை நாவல் இல்லை என்று தள்ளுகிறவர்கள், பிரசங்கமாக எவ்வளவு சுவாரஸ்யமானது என்பதைக் கவனிப்பதில்லை.

கத்தோலிக்கக் கோயிலுக்குள் மட்டும் 1960கள் வரை அதிக மாறுதல் இல்லை. பூசை லத்தீனில். குரு பீடத்தைப் பார்த்துக்கொண்டு, ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு போவார். ஜனங்கள் தம் பாட்டுக்குச் செபமாலை உருட்டுவார்கள். சுவிசேஷத்துக்குப் பிறகு குரு இறங்கி, நடுக்கோயிலில் தூணோடு சேர்ந்த மரப் பிரசங்க மேடைக்குப் படியேறுவார். தலைக்கு மேல் குரலைக் கீழே தள்ள ஒரு மரக்கூரை. சிலுவை அடையாளம் போட்டு ஆரம்பிப்பார், சிலுவை அடையாளம் போட்டு முடிப்பார். அந்த இரண்டு சிலுவைகளும் அடைப்புக்குறிகள்: இது பூசையின் பகுதி அல்ல, நடுவில் ஒரு நிறுத்தம் என்று அர்த்தம். ஆனால் ஜனங்களுக்கு ஒரு மணி நேரத்தில் புரிகிற பதினைந்து நிமிஷம் அதுதான். புரியாத மொழியின் நடுவே வந்த தாய்மொழிக்கு இருந்த கனத்தை இன்று கற்பனை செய்வது கஷ்டம்.

1963 டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனம் அடைப்புக்குறிகளை அழித்தது. பிரசங்கம் வழிபாட்டின் அங்கம். ஞாயிறும் கடன்திருநாளும் அதைத் தக்க காரணமின்றி விடக் கூடாது. அன்றைய வாசகங்களிலிருந்து எழ வேண்டும். 1969 இறுதியிலிருந்து மூன்று வருஷச் சுழற்சியில் வாசகங்கள் வந்தன. வருஷா வருஷம் அதே ஞாயிறு அதே சுவிசேஷம் என்பது போயிற்று. குரு திரும்பி நின்று ஜனங்களைப் பார்த்தார். பூசையே தமிழாயிற்று. பிரசங்க மேடையிலிருந்து இறங்கி ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். இவ்வளவும் ஒரே தலைமுறையில். நல்ல காரியங்கள்தான். ஒலிவாங்கி வந்துவிட்டால் இனி ரகசியம் பேசுவதுபோலப் பேசலாம், வீட்டில் பேசுவதுபோலப் பேசலாம், மரக்கூரை தேவையில்லை. நடந்தது என்ன? மரக்கூரைக் காலத்துக் குரலோடு ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்கள்.

அந்த இடைவெளியில் வெளியே போன பிரசங்கம் வீடு திரும்பியது, மேடைத் தமிழின் அடுக்குமொழியை அணிந்துகொண்டு. பூசை திருப்பலி ஆயிற்று, ஞானஸ்நானம் திருமுழுக்கு, சுவிசேஷம் நற்செய்தி, சேசு இயேசு, பிரசங்கம் மறையுரை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்புத் திருவிவிலியத்தோடு அருளப்பரும் யோவான் ஆகிவிட்டார். இந்தச் சொற்களில் பல அழகானவை; எனக்கு வடமொழிப் பிடிவாதம் கிடையாது. என் புகார் வேறு. சொல் மாறியபோது யாருடைய காதைக் கேட்டு மாற்றினார்கள்? எங்கள் பாங்கில் ‘பணம் செலுத்தும் படிவம்’ என்று அச்சடித்து அடுக்கி வைத்திருக்கிறோம். பட்டினச்சேரியிலிருந்து வருகிற மீன்காரம்மா கவுண்டரில் கேட்பது ‘செலான் ஒண்ணு குடு தம்பி’ என்றுதான். படிவம் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவள் கேட்பது செலான். சவேரியாருக்கு ‘வேணும்’ தப்பு என்று சொன்ன அந்த ஆளைப்போல் ஒருவர் இந்தத் திருத்தங்களின்போது அறையில் இருந்தாரா?

அடுக்குமொழி பற்றி இன்னும் கொஞ்சம். ‘அன்பு, அறம், அருள்’ என்று மூன்று சொற்களை ஒரே எழுத்தில் அடுக்கிவிட்டால் நான்காவதாகச் சிந்திக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. எலியட் 1926-இல் லான்சலட் ஆண்ட்ரூஸ் பற்றி எழுதிய கட்டுரையில் டன்னையும் ஆண்ட்ரூஸையும் ஒப்பிடுகிறார். டன்னின் பிரசங்கத்தில் டன் தெரிந்துகொண்டே இருக்கிறார். ஆண்ட்ரூஸ் தம் பொருளுக்குள் மறைந்துபோகிறார். எலியட்டுக்கு ஆண்ட்ரூஸ் உசத்தி. எனக்கு டன்னும் வேண்டும்; அந்த மனிதர் தம் மரணத்தையே மேடையில் கொண்டுவந்து வைத்தவர். ஆனால் இங்கே நம் ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிவது டன்னும் அல்ல, ஆண்ட்ரூஸும் அல்ல. ஆளும் இல்லாமல் பொருளும் இல்லாமல் ஒரு குரல். குருமார்களும் பாவம். ஞாயிறுதோறும் என்ன சொல்ல வேண்டும் என்று கதையோடு சேர்த்துக் கொடுக்கும் மறையுரைப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரே வாரத்தில் ஒரே கதையை இரண்டு ஊர்க் கோயில்களில் கேட்டிருக்கிறேன். ஒரு ஊரில் அந்த ராஜாவுக்கு மூன்று மகன்கள், இன்னொன்றில் நான்கு. போப் பிரான்சிஸ் 2013-இல் எழுதிய ஒரு மடலில் மறையுரையைப் பற்றி நீண்ட பகுதி உண்டு. ஜனங்கள் கேட்டுக் கஷ்டப்படுகிறார்கள், குருக்கள் சொல்லிக் கஷ்டப்படுகிறார்கள் என்று நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கிறார். 2024-இல் எட்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், ஜனங்கள் தூங்கிவிடுகிறார்கள் என்றார். எட்டு நிமிஷம் நீளம் இல்லை. எட்டு நிமிஷத்தை எதனால் நிரப்புகிறோம் என்பதுதானே!

நான் கேட்டதில் மறக்காதது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் குறிப்புகளை எழுதியிருக்க மாட்டேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை கடல் ஏறியது. காரைக்கால் பகுதியில் மட்டும் 400-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்ரீகர்கள். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அடுத்த ஞாயிறு, ஜனவரி 2, என் பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனோடு கடற்கரைப் பக்கத்துச் சிறு கோயில் ஒன்றின் வாசலில் நின்றிருந்தேன். அவன் வீட்டில் ஒரு சாவு. உள்ளே கூட்டம் அதிகமில்லை. அன்று மூன்று ராஜாக்கள் திருநாள்; நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டு கிழக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றிய வாசகம். நடுத்தர வயதுக் குரு ஒருவர். நல்ல குரல். வழக்கமான மேடைத் தமிழில்தான் ஆரம்பித்தார். கடல் நம் தாய், கடல் தரும், கடல் எடுக்கும் என்று ஒரு அடுக்கு வந்தது.

தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

“சாமி, அந்தப் பேச்சு வேணாம் சாமி.”

யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. அவர் நிறுத்தினார். அவளையே பார்த்தார். “சரிம்மா” என்றார். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை என்பது வாசலில் நின்ற எனக்கே தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து, அன்றைக்குக் குறித்திருந்த பகுதி முடிந்த இடத்தைத் தாண்டி அடுத்ததை வாசித்தார். ஏரோது பிள்ளைகளைக் கொன்றது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுதது, யார் தேற்றியும் கேட்க மறுத்தது. விளக்கம் ஏதும் சொல்லவில்லை. ராகேலை நாமும் தேற்ற வேண்டாம் என்று மட்டும் சாதாரணக் குரலில் சொன்னார். அடுத்து, பள்ளிக்கூடத்தில் அரிசி எத்தனை மணிக்குக் கொடுப்பார்கள், ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாமல் இருப்பவர்களைப் பார்க்கப் போக யார் யார் வருகிறீர்கள், வண்டி எங்கே நிற்கும் என்று சொன்னார். ‘கிளிஞ்சல்மேட்டுக்காரங்களுக்கும் சேர்த்து வண்டி’ என்றார். அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் இந்துக்கள்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. கிழவி உட்காரவில்லை. பூசை முடியும்வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.